விண்கப்பலின் வெள்ளோட்டம்

பழைய கதையைப் புதிதாகச் சொல்வது தமிழர்க்குப் புதியதன்று. தெருக்கூத்தில் பாஞ்சாலியின் துகில் ஆண்டுதோறும் உரியப்படுகிறது. முடிவு தெரிந்திருந்தும் ஊரார் விடிய விடிய விழித்திருந்து காண்கின்றனர். இவ்வாண்டு எப்படி ஆடுகிறார்கள் என்பதே அவர்களுடைய ஆவல். அத்தகைய மறுகதை ஒன்றை, கடல் கடந்த நாட்டுத் தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்ட விஞ்ஞானக் கதையொன்றை, அண்மையில் இரண்டு இரவுகள் இருந்து கண்டோம். அதனைப் பற்றி நம் சங்க அன்பர்களுடன் சில சொற்கள் பேச விழைகின்றோம்.

'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா' என்பது அதன் பெயர். கிளென் லார்சன் என்பார் படைத்த மூலக் கதையை அமெரிக்காவின் ஏபிசி நிறுவனம் 1978 செப்டம்பர் 17 அன்று முதன்முதலில் ஒளிபரப்பியது. எகிப்தும் இஸ்ரேலும் காம்ப் டேவிட் உடன்பாட்டில் கையொப்பமிட்டதும் அதே இரவுதான். அச்செய்திக்காகப் படம் இடையில் நிறுத்தப்பட்டது. தொடக்கமே தடங்கலாயிற்று, தொடரும் ஓராண்டு நிலைக்காமல் 1979 ஏப்ரலில் முடிவுற்றது. பின்னர் 2003 டிசம்பர் 8, 9 ஆகிய இரு நாட்களில், ரொனால்ட் மூர் எழுத, மைக்கேல் ரைமர் இயக்க, அதே கதை புத்துருவம் பெற்றது. ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடும் இப்படம், மக்கள் ஏற்றுக்கொண்டால் தொடராக வளர்க்கலாம் என்று எடுக்கப்பட்ட வெள்ளோட்டம். புதுப் பாதையில் பயணிகளை ஏற்றுமுன் வண்டியை ஓட்டிப் பார்ப்பதில்லையா, அதுபோலத்தான். வண்டி நன்றாகவே ஓடியது. தொடர் நான்கு பருவங்கள் நடந்து 2009 மார்ச்சில் நிறைவெய்தியது.

பன்னிரண்டு இராசிகள்

தொலைதூர விண்ணில் மனிதர் பன்னிரண்டு கோள்களில் வாழ்கின்றனர். பன்னிரண்டுக்கும் இராசிகளின் பெயர்களே திரிந்து வழங்குகின்றன. காப்ரிகா என்னும் தலைமைக் கோள் நம் மகரம். சைலான் எனப்படும் இயந்திர அடிமைகளை மனிதரே படைத்தனர். அவை கிளர்ந்தெழுந்து போரிட்டன. பின் உடன்படிக்கை செய்துகொண்டு எங்கோ மறைந்துவிட்டன. உறவு அறுந்துவிடாதிருக்க இடைவெளியில் ஒரு நிலையம் கட்டப்பட்டது. ஆண்டுக்கொருமுறை மனிதரின் அதிகாரி ஒருவர் அங்கே சென்று மேசைமுன் அமர்வார். எதிர்த்தரப்பார் வருவதில்லை. நாற்பதாண்டுகள் இவ்வாறே கழிந்தன.

படம் இந்நிலையத்தில்தான் தொடங்குகிறது. அதிகாரி தாள்களை ஒழுங்காக அடுக்குகிறார், மனைவி, மகன் படத்தை எடுத்துப் பார்க்கிறார், கண்ணயர்கிறார். அலுவலகத்தில் மேசைமுன் காலம் கழிக்கும் நம்போன்றார்க்கு அக்காட்சி உடனே விளங்கும். கதவு திறக்கிறது. இம்முறை விருந்தினர் வந்துவிட்டனர். வந்தது மனித உருக்கொண்ட சைலான் பெண். அடுத்த சில நாழிகைகளில் பன்னிரண்டு உலகங்களும் அணுகுண்டுகளால் பொசுங்குகின்றன.

கம்பி போட்ட தொலைபேசி

கலாக்டிகா ஒரு பழம் போர்க்கப்பல். அன்றுதான் அது பணியிலிருந்து விலக்கப்பட்டுக் காட்சிசாலையாக மாற இருக்கிறது. தளபதி அடாமாவும் ஓய்வு பெறவிருக்கிறார். கப்பலில் உள்ள தொலைபேசிகள் கம்பி போட்டவை. கணிப்பொறிகள் ஒன்றோடொன்று இணைக்கப்படாதவை. கல்வி அமைச்சர் லாரா ரோஸ்லின் அம்மையார், காட்சிசாலைக்கு வருவோர் பயனுக்காக அவற்றை இணைக்குமாறு கேட்கிறார். முந்தைய போரில் இணைப்பின் வழியேதான் பகைவர் நுழைந்தனர் என்று கிழவர் அடியோடு மறுத்துவிடுகிறார். புதிய கப்பல்கள் யாவும் பகைவரின் ஒரு சைகையில் செயலற்று நிற்க, இப்பழங்கப்பல் பிழைக்கிறது. பழைய முறைகள் மூடத்தனம் என்று நம் அலுவலகத்திலும் அடிக்கடி கேட்கிறோம். எல்லாப் பழமையும் பாதுகாப்பென்று நாம் வாதிடவில்லை. ஆயினும் ஏன் அவ்வாறு வைத்தார்கள் என்று கேட்டறிந்த பின்னரே எதையும் கழற்ற வேண்டும்.

யாரை ஏற்றுவது?

ஆட்சியில் அவருக்கு முன்வரிசையிலிருந்த அனைவரும் மாண்டுபோக, நாற்பத்து மூன்றாவது இடத்திலிருந்த ரோஸ்லின் குடியரசுத் தலைவராகிறார். தமக்குப் புற்றுநோய் என்று அன்று காலைதான் அவர் அறிந்திருந்தார். பயணக் கப்பலொன்றின் நடுவே நின்று அவர் உறுதிமொழி எடுக்கும் காட்சி, 1963-இல் கென்னடி கொலையுண்டபின் ஜான்சன் விமானத்தில் பதவியேற்ற புகழ்பெற்ற நிழற்படத்தை அப்படியே நினைவூட்டுகிறது.

அவர் செய்யும் முதல் வேலை, திசை தெரியாது அலையும் கப்பல்களை ஒன்றுசேர்ப்பது. அவற்றுட் சிலவற்றில் ஒளியினும் விரைந்து தாவும் பொறி கிடையாது. பகைவர் வந்துவிடுகின்றனர். தாவ இயன்றவை உடனே தாவ வேண்டும். இயலாதவற்றை விட்டுவிட வேண்டும். விடப்படும் கப்பலொன்றில் ஒரு சிறுமி இருக்கிறாள். சற்று முன்புதான் ரோஸ்லின் அவளிடம் அன்பாகப் பேசிவிட்டு வந்தார். ஆணை பிறக்கிறது. சிறுமி பொம்மையுடன் அமர்ந்தே இருக்கிறாள்.

மற்றோரிடத்தில், எரியும் காப்ரிகாவில் இறங்கிய சிறு விண்கலத்தைச் சுற்றி மக்கள் மொய்க்கின்றனர். குழந்தைகள் முதலில் ஏற்றப்படுகின்றனர். எஞ்சிய சில இடங்களுக்குச் சீட்டுக் குலுக்குகிறார்கள். அக்கூட்டத்தில் விஞ்ஞானி பால்ட்டரும் நிற்கிறான். சைலான் பெண்ணின் மோகத்தில் மயங்கி நாட்டின் காவலையே திறந்துவிட்டவன் இவன். அது ஒருவருக்கும் தெரியாது. கண்ணாடியின்றித் தவிக்கும் மூதாட்டி ஒருத்தி தன் சீட்டின் எண்ணைப் படிக்கச் சொல்லி அவனிடம் நீட்டுகிறாள். அதுவே தேர்வான எண். அவன் தடுமாறுவதை அவன் முகமே காட்டிக்கொடுக்கிறது. கடைசியில் மூதாட்டிக்கு இடம் கிடைக்கிறது. ஆனால் ஹீலோ என்னும் இளம் வீரன், இத்தகைய அறிஞர் பிழைப்பதே உலகுக்கு நலம் என்றெண்ணித் தன் இடத்தைப் பால்ட்டருக்குக் கொடுத்து, தான் கீழே நின்றுவிடுகிறான்.

முன்பதிவுச் சாளரத்தின் உட்புறம் அமர்ந்திருப்பவர்க்கு இக்காட்சி எளிதில் மறக்காது. காத்திருப்போர் பட்டியலில் பெயரும் வயதும்தான் தெரியும். யார் எதற்குப் போகிறார், யார் போகாவிட்டால் என்ன ஆகும் என்பதெல்லாம் தாளில் இராது. ஹீலோவும் தாளில் தெரிந்ததைக் கொண்டே முடிவு செய்தான். தகுதியற்றவனுக்குப் போய்ச் சேர்ந்தமையால் அத்தியாகம் சிறுத்துவிடவில்லை என்பதே நம் எண்ணம்.

சொல்லப்பட்ட பொய்

இறுதியில் எஞ்சியோர் சுமார் ஐம்பதாயிரம் பேர். அடாமா திரும்பிச் சென்று போரிட எண்ணுகிறார். போர் முடிந்தது, நாம் தோற்றோம், இருப்பவரைக் காப்போம் என்று ரோஸ்லின் இடித்துரைக்கிறார். கிழவர் இணங்குகிறார். மாண்டோர்க்கு இறுதிக் கடன் நிகழ்கையில், சோர்ந்து நிற்கும் கூட்டத்தைப் பார்த்து, பூமி என்னும் பதின்மூன்றாவது குடியிருப்பு உண்டு, அதன் வழி எமக்குத் தெரியும் என்று முழங்குகிறார். தலைகள் நிமிர்கின்றன. பின்னர் தனியறையில் ரோஸ்லின் கேட்கும்போது, அது பொய் என்று ஒப்புக்கொள்கிறார். மனிதர் உயிர்வாழ ஏதேனுமொரு நம்பிக்கை வேண்டுமென்கிறார். அம்மையாரும் அம்மறைவைக் காக்க இசைகிறார்.

பழைய கதையில் தளபதி பூமி உண்டென்று மெய்யாகவே நம்பிப் புறப்படுவார். ஸ்டார்பக் என்னும் வீரனைப் பெண்ணாக்கியதற்காகவே பழைய இரசிகர் பலர் அன்று சினந்தனர். எனினும் நமக்குப் பெரிய மாற்றமாகத் தோன்றுவது இப்பொய்தான்.

படத்தின் தொடக்கத்தில் ஒரு பச்சிளங்குழந்தை கொல்லப்படுகிறது. காமக் காட்சிகளும் உண்டு. ஆதலின் சிறுவருடன் காணத்தக்கதன்று. கடைசி அரைமணியை மட்டும் ஆறாம் வகுப்பில் பயிலும் நம் மகள் உடனிருந்து கண்டாள். கண்டவள் கேட்டாள்: "அவருக்கே வழி தெரியாதாப்பா? அப்புறம் எல்லாரும் எங்கே போவாங்க?"

நமக்கு விடை எழவில்லை. சங்கரன்கோயிலுக்கு அருகே நம் ஊரில் ஒரு வீடு இருந்தது. முன்கூடமும் முற்றத்து வேம்புமாய் அதனை மகளுக்குச் சொல்லிச் சொல்லியே வளர்த்தோம். பணி ஓய்வு பெற்றதும் அங்கேதான் போவோம் என்போம். மூன்றாண்டுகளுக்கு முன் தந்தையாரின் மருத்துவச் செலவுக்காக அவ்வீட்டை விற்றுவிட்டோம். அவளிடம் சொல்லவில்லை. அவளுக்கு ஒரு பற்றுக்கோடு வேண்டுமே என்று நினைத்தோம். உண்மையில் அப்பற்றுக்கோடு நமக்குத்தான் வேண்டியிருந்தது.

உயிர்த்துணிவு இழந்து நின்ற ஓரிரவில் அடாமா சொன்ன பொய்யை நாம் குறை கூறோம். ஆயினும் அம்மக்களை அதுவரை உயிரோடு கொண்டுவந்தது பூமியன்று. ஒருத்தி சிதறிய கப்பல்களைத் தேடிச் சேர்த்தாள்; ஒருவன் தன் இடத்தைக் கொடுத்தான்; அதனால் வந்தது அது. இந்நாகபுரியில் மொழி தெரியாது வந்திறங்கிய நம்மவரை இச்சங்கத்தார் சேர்த்துக்கொண்டதும் ஒரு பூமியைக் காட்டியன்று.

அன்றிரவே மகளிடம் வீடு விற்ற செய்தியைச் சொன்னோம். சிறிது நேரம் பேசாதிருந்தாள். பிறகு, "வேப்பமரம் இருக்கா, வெட்டிட்டாங்களா?" என்றாள். தெரியாது என்றோம். வரும் விடுமுறையில் சிற்றப்பா வீட்டில் தங்கி, தெருவிலிருந்தாவது அதைப் பார்த்து வரலாம் என்று முடிவாகியிருக்கிறது. பயணச்சீட்டு எடுத்துவிட்டோம், காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறது.