வாடகை தராத குடித்தனக்காரர்!

1984 டிசம்பர். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலம். லிமரிக் என்ற இடத்தில் ஓர் அணுமின் நிலையம் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே வேலை பார்த்த என்ஜினீயர் ஸ்டான்லி வாட்ராஸ், கதிர்வீச்சு சோதிக்கிற வாசலைத் தாண்டினால் போதும், அலாரம் 'குய்யோ முறையோ' என்று கத்தும். ஆலைக்குள் எதையோ ஒட்டிக்கொண்டு வருகிறார் என்று நினைத்தார்கள். ஆனால் மனிதர் காலையில் வீட்டிலிருந்து வந்து உள்ளே நுழையும்போதே அலாரம் அடித்தது. அப்போதுதான் பொறி தட்டியது. சமாச்சாரம் ஆலையில் இல்லை, வீட்டில்!

வீட்டை அளந்து பார்த்தார்கள். ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் ஒரு லட்சம் பெக்கரல் ரேடான் வாயு! 'இதைத் தாண்டினால் வீட்டைச் சரி செய்' என்று அமெரிக்க அரசு பின்னாளில் வைத்த அளவு 148 பெக்கரல்தான். ஏறக்குறைய 700 மடங்கு. அணுமின் நிலையத்தைவிட ஆபத்தான இடம் அவருடைய படுக்கையறை!

இந்தக் கதையை நம்ம ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவரிடம் சொன்னேன். புது வீடு கட்டிக்கொண்டிருக்கிறார். தக்காளிப் பெட்டி எண்ணுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "ஏம்ப்பா, கண்ணுக்குத் தெரியாதுங்கிற, வாசம் இல்லைங்கிற, நிறமும் இல்லைங்கிற. அப்ப அது இருக்குன்னு எப்படி நம்புறது?"

"வட்டி ஏறுறது கண்ணுக்குத் தெரியுதாண்ணே?" என்றேன். உடனே ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காரு, சொல்லு" என்றார்.

அவருக்குச் சொன்னதுதான் உங்களுக்கும்.

எங்கிருந்து வருகிறார் இந்த ஆசாமி?

பூமியில் எல்லா மண்ணிலும் பாறையிலும் துளித்துளி யுரேனியம் உண்டு. அது கோடிக்கணக்கான வருஷமாகச் சிதைந்து சிதைந்து ரேடியமாகிறது. ரேடியம் சிதைந்தால் ரேடான். 1900-ல் ஜெர்மனியின் டோர்ன் என்ற விஞ்ஞானி இதைக் கவனித்தார். முன்னோர்கள் எல்லாம் திடப்பொருள், பாறையிலேயே கிடப்பார்கள். ரேடான் மட்டும் வாயு. மண்ணின் சந்துபொந்து வழியே மேலே ஏறும். வெளியே வந்தால் காற்றோடு கலந்து ஒன்றுமில்லாமல் போகும். மேலே ஒரு வீடு இருந்துவிட்டால்? தரை வெடிப்பு, குழாய் இறங்கும் ஓட்டை, சுவரும் தரையும் சேரும் இடுக்கு... எதிலாவது நுழைந்து குடியேறிவிடும். அட்வான்சும் கிடையாது, வாடகையும் கிடையாது!

பி.காம். படித்தவன் என்ற முறையில் எனக்கு இதில் பிடித்த கணக்கு ஒன்று உண்டு. நாம் படித்த தேய்மானத்தில் 'குறைந்து செல் மதிப்பு முறை' ஞாபகம் இருக்கிறதா? ரேடானுக்கும் அதே கதைதான். 3.8 நாளில் பாதியாகும். இன்று 100 என்றால் நாலு நாள் ஆவதற்குள் 50. இன்னொரு 3.8 நாளில் 25. "அப்ப தானா ஒழிஞ்சிரும்ல?" என்றார் அண்ணன். ஒழியாது. ஒரு பக்கம் தேய்மானம் எழுத எழுத, இன்னொரு பக்கம் மண்ணிலிருந்து புது வரவு வந்துகொண்டே இருக்கும்.

ரேடானை மூச்சில் இழுத்தால் பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும். வம்பு செய்வது அதன் பிள்ளைகள். ரேடான் சிதைந்து பிறக்கும் பொலோனியம் போன்றவை தூசியில் ஒட்டிக்கொண்டு நுரையீரலுக்குள் போய் உட்காரும். அங்கிருந்து ஆல்பா துகள்களைச் சுடும். வருஷக்கணக்கில் இது நடந்தால் நுரையீரல் புற்றுநோய் வரலாம். 1988-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, சந்தேகத்துக்கு இடமில்லாத பட்டியலில் ரேடானைச் சேர்த்துவிட்டது. ஒவ்வொரு நாட்டிலும் வரும் நுரையீரல் புற்றுநோயில் 3 முதல் 14 சதவிகிதம் ரேடானால் என்பது அந்த நிறுவனத்தின் மதிப்பீடு.

பீடி, சிகரெட் பிரியர்களே, கொஞ்சம் பக்கத்தில் வாருங்கள். ரேடானால் வரும் ஆபத்து, புகைக்காதவரைவிட புகைப்பவருக்கு சுமார் 25 மடங்கு அதிகம். ஒரே வீடு, ஒரே காற்று... ஆனால் பில் மட்டும் வேறு!

நம்ம நாட்டில் எப்படி?

நல்ல சேதி முதலில். பாபா அணு ஆராய்ச்சி மையம் முன்னின்று நாடு முழுக்க சுமார் 1,500 வீடுகளில் அளந்து பார்த்ததில், நடுவாந்திரமாக 23 பெக்கரல் போலத்தான் வந்தது. உலக சராசரி 40-ஐவிடக் குறைவு. 100-க்குள் வைத்துக்கொள்ளுங்கள், முடியாத இடத்தில் 300-ஐத் தாண்டவிடாதீர்கள் என்று 2009-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. நம் சராசரி பாஸ்!

ஒரு பெக்கரல் என்றால் வினாடிக்கு ஓர் அணு சிதைவது. பத்துக்குப் பன்னிரண்டு அறை, பத்தடி உயரம் என்றால் 34 கன மீட்டர். 23 பெக்கரல் இருந்தாலே அந்த அறையில் வினாடிக்கு 780 அணுக்கள் வெடித்துக்கொண்டிருக்கும். பயப்பட வேண்டாம், இது சகஜம். மனித இனம் பிறந்தது முதல் இதற்குள்தான் தூங்குகிறது.

குறைவாக இருப்பதற்கு நம் ஜன்னல்களுக்கு ஒரு கும்பிடு போட வேண்டும். குளிர் நாடுகளில் நிலவறை கட்டி, ஜன்னலை இறுக்கி மூடி, உள்ளே சூடேற்றுகிறார்கள். சூடான காற்று மேலே போக, வீடு அடிமண்ணிலிருந்து ரேடானை உறிஞ்சுகிறது. நம்ம ஊரில் முற்றமும் திண்ணையும் ஓட்டுச் சந்தும் உள்ளே வந்ததை வெளியே அனுப்பிவிட்டன.

பாறையைப் பொறுத்தும் அளவு மாறும். நம்ம ஒட்டன்சத்திரத்தின் பெயரிலேயே புவியியல் புத்தகங்களில் ஒரு பாறை இருக்கிறது தெரியுமா? 'ஒட்டன்சத்திரம் அனார்தோசைட்'. நிலாவில் வெளுத்துத் தெரிகிற மேட்டு நிலமும் இதே ஜாதிக் கல்தான். இந்த வகைக் கல்லில் பொதுவாக யுரேனியம் குறைவு, கிரானைட்டில் கூடுதல். கொஞ்ச தூரம் தள்ளிப் போனால் பாறை மாறிவிடும். அதனால் பக்கத்து வீட்டு அளவை நம் வீட்டுக்குக் கடன் வாங்க முடியாது.

"அப்ப நான் கிரானைட் தரை போடக்கூடாதா?" அண்ணன் முகத்தில் கவலை. தாராளமாகப் போடலாம். அடுப்பு மேடைக் கல்லும் தரைக் கல்லும் தருவது பொதுவாகச் சொற்பம். வீட்டின் அடியில் இருக்கும் மண்ணும் பாறையும்தான் பெரிய முதலாளி. கவனிக்க வேண்டியது வேறு இரண்டு.

ஒன்று, ஏ.சி. அறை. சாதாரண ஸ்ப்ளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டு வராது. இருக்கிற காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர வைக்கும். தரைத்தளத்தில் படுக்கையறை, ஜன்னல் மூடியபடி, ராத்திரி எட்டு மணி நேரம்... குடித்தனக்காரருக்குக் கொண்டாட்டம்.

இரண்டு, போர் தண்ணீர். ஆயிரம் அடி வரை இறக்குகிற காலம் இது. பாறை இடுக்கில் கிடக்கும் தண்ணீரில் ரேடான் கரைந்திருக்கும். பெங்களூரில் பல போர் கிணறுகளில் அதிகமாக இருந்ததை ஆய்வுகள் கண்டிருக்கின்றன. வயிற்றுக்குள் போவதைவிட, குளிக்கும்போதும் சமைக்கும்போதும் தண்ணீரிலிருந்து காற்றில் கலப்பதுதான் முக்கியம். மேல்நிலைத் தொட்டியில் உயரத்திலிருந்து விழட்டும், ஒரு பகுதி அங்கேயே கழன்றுவிடும். கொதிக்க வைத்தாலும் பறந்துவிடும். குளியலறை, சமையலறை வென்டிலேட்டரை அடைக்காதீர்கள்.

அளப்பது எப்படி?

நம் நாட்டு ஆய்வுகளில் பெரும்பாலும் 'எல்ஆர்-115' என்ற சின்ன ஃபிலிம் துண்டுதான். அந்தக் காலத்து சினிமா ஃபிலிம் செய்த செல்லுலோஸ் நைட்ரேட்டேதான்! ஒரு சின்னக் குப்பிக்குள் வைத்து அறையில் மூன்று மாதம் தொங்கவிடுவார்கள். ஆல்பா துகள் பட்ட இடமெல்லாம் கீறல் விழும். பிறகு காஸ்டிக் சோடா கரைசலில் ஊறவைத்தால் கீறல்கள் தெளிவாகும். எண்ணிக் கணக்குப் போட வேண்டியதுதான். எதற்கு மூன்று மாதம்? பகலில் ஒரு அளவு, ராத்திரியில் ஒரு அளவு, மழைக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று. ஒரு நாள் கல்லாவை எண்ணி வருஷ லாபம் சொல்ல முடியுமா? சில நாட்களில் காட்டும் மின்னணுக் கருவிகளும் உண்டு. அவற்றிலும் வாரக் கணக்கில் பார்த்துச் சராசரி எடுப்பதே நல்லது.

அளவு அதிகம் என்றால் வீட்டை விற்க வேண்டாம். முதலில் தரை வெடிப்பையும் குழாய் ஓட்டைகளையும் பூசி அடைக்க வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் தரையைத் துளைத்து அடிமண்ணில் ஒரு குழாய் செருகி, சின்ன விசிறி வைத்து, மொட்டை மாடிக்கு மேலே வெளியேற்றிவிடுவார்கள். நாம் செப்டிக் டேங்குக்கு காற்றுக் குழாய் வைக்கிறோமே, அதற்கு அண்ணன் முறை! வாட்ராஸ் வீட்டையும் இப்படியெல்லாம் மராமத்து பார்த்துத்தான் சில மாதங்களில் அந்தக் குடும்பம் திரும்பக் குடியேறியது.

அண்ணன் கேட்டார்: "எல்லாஞ் சரி. சாயங்காலம் ஜன்னலைத் திறந்தா கொசு வருதே!"

நியாயமான கேள்வி. நம்ம ஊரில் ஜன்னலை மூட வைப்பது குளிர் இல்லை, கொசு. அதனால் வீடு கட்டும்போதே எல்லா ஜன்னலுக்கும் வலை அடித்துவிடுங்கள். ஏ.சி. போடும் முன் அரை மணி, காலையில் எழுந்ததும் அரை மணி, எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். வலை மீட்டர் கணக்கில் ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கிறது. கொசு வெளியே நிற்கும், ரேடான் வெளியே போகும். ஒரே செலவில் ரெண்டு பேரைக் காலி பண்ணலாம்!