சூப்பான் மறக்கடித்தல்

தாய்ப்பால் அருந்தும் மகவை அதனின்று நீக்குதற்கு நம் மொழியில் வழங்கும் சொல்லை ஒருகால் உற்று நோக்குக. ‘பால் மறக்கடித்தல்’ என்கின்றோம். பறித்தல் என்றோ தடுத்தல் என்றோ கூறுவாரில்லை. மறத்தல் குழவியின் தொழில். அதற்கு வாய்ப்பளித்தலே அன்னையின் தொழில் என்னும் நுட்பம் அச்சொல்லிற் பொதிந்து கிடக்கின்றது. இக்காலத்து வீடுகள் சிலவற்றில் பாலினும் மறக்கடித்தற்கு அரியதாய் நிற்பது பிறிதொன்று. கடைகளில் நிப்பிள் என்றும் வீடுகளிற் சூப்பான் என்றும் வழங்கும் ரப்பர்க் காம்பே அது.

பத்தொன்பது வயதினராகிய எமக்கு இப்பொருளில் யாது உரிமை என வினவுவார் இருக்கலாம். தமக்கையின் மகனை ஒரு கோடை விடுமுறை முழுதும் தோளிற் சுமந்தவர்க்குச் சிறிது உரிமை உண்டென்றே கருதுகின்றோம்.

சூப்புதல் குழவி பிறரைக் கண்டு கற்கும் தீப்பழக்கம் அன்று. கருவில் இருக்கும்போதே சிசு விரலை வாயிலிட்டுச் சூப்புதலை ஒலியலைப் படங்கள் காட்டுகின்றன. பசி தீர்ந்த பின்னும் வாய் அசைந்துகொண்டிருந்தால் குழவியின் உடல் அமைதியுறுகின்றது. உறக்கமும் எளிதில் வருகின்றது. இவ்வியல்பை உணர்ந்த பண்டைத் தாயர், குழவியின் வாய்க்கென ஏதேனும் ஒன்றைக் கொடுத்தே வந்தனர். ஐரோப்பாவில் துணிக்கிழியில் இனிப்பை முடிந்து கொடுப்பது வழக்கம். ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1506-இல் தீட்டிய மரியன்னையின் ஓவியம் ஒன்றில் குழந்தை இயேசுவின் கையிலும் அத்தகைய கிழி இருத்தலைப் பெர்லின் ஓவியக்கூடத்திற் காணலாம். ரப்பர்க் காம்பும், அதனை விழுங்காவண்ணம் தடுக்கும் வட்டும், பற்றுதற்கு வளையமும் கூடிய வடிவத்திற்கு அமெரிக்காவில் 1900-இல் கிறிஸ்டியன் மைனெக்கி என்பார் காப்புரிமை பெற்றார்.

நிற்க. இதனால் விளைவது நன்மையோ தீமையோ எனின், குழந்தையின் வயதை அறியாது விடை கூறல் இயலாது. முதல் ஆண்டில், தாய்ப்பால் நன்கு பழகிய பின்னர், உறங்கும் பொழுது சூப்பான் கொடுத்தல், உறக்கத்தில் நேரும் திடீர் மரணத்தைக் குறைக்கும் என அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2005 முதல் கூறி வருகின்றது. ஆயின் ஆறு திங்கள் கடந்தபின் காதுநோய் குறுக்கிடுகின்றது. பின்லாந்து நாட்டில் 14 குழந்தைநல நிலையங்களில் நடத்தப்பெற்று 2000-இல் வெளியான ஆய்வொன்றில், ஆறு மாதத்திற்குப் பின் உறங்கப்போகும் வேளையில் மட்டுமே சூப்பான் கொடுக்குமாறு ஒரு சாரார்க்கு அறிவுரை வழங்கினர். அவர்தம் பிள்ளைகளிடையே நடுச்செவி அழற்சி 29 விழுக்காடு குறைந்திருந்தது. சூப்பானை அறவே ஒழிக்குமாறு எவரும் கூறவில்லை. குறைத்ததே பயன் தந்தது என்பதை ஈண்டு நினைவிற் கொள்க.

பற்களின் கணக்கு வேறு. பாற்பற்கள் இருபதும் ஏறத்தாழ மூன்று வயதிற்குள் முளைத்து முடிகின்றன. காம்பு நெடுநேரம் இடையே கிடப்பின் மேல்முன்பற்கள் வெளித்தள்ளும், வாயை மூடினும் மேற்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்தாது இடைவெளி நிற்கும், மேல்தாடையும் குறுகும். மூன்று வயதிற்குள் விட்டுவிட்டால் முன்பல்லின் இடைவெளி பெரும்பாலும் தானே சீராகும் ஆதலின், பல் மருத்துவர் அவ்வயதை எல்லையாகக் கொள்கின்றனர். பேச்சைப் பற்றிய ஆய்வுகளோ ஒத்த முடிவு தந்தில. எனினும் பகரமும் மகரமும் இதழிரண்டும் கூடப் பிறப்பன என்று தொல்காப்பியர் பிறப்பியலில் வகுத்துள்ளார். வாயிற் காம்பை வைத்துக்கொண்டு ‘அம்மா’ என ஒரு முறை கூற முயன்றால் அவ்வுண்மை எவர்க்கும் விளங்கும்.

இனி, மறக்கடிக்கும் வழிகளை நோக்குவாம். நம் ஊர்களில் முதலில் நினைவிற்கு வருவது வேம்பு. பால் மறக்கடிக்க வேப்பிலையை அரைத்து மார்பில் தடவுதல் நெடுநாளைய வழக்கம். எம் தமக்கையின் மகன் இரண்டரை வயதாகியும் சூப்பானை விடாமை கண்டு, “வேப்பெண்ணெயில் தொட்டு வையடி, ஒரே நாளில் தூக்கி எறிந்துவிடுவான்” என்றார் எம் பாட்டியார். தமக்கை உடன்படவில்லை. மார்பில் வேம்பு தடவிய தாய் குழந்தையை விட்டு அகல்வதில்லை. மடி அங்கேயே இருக்கின்றது, கை அணைக்கின்றது, பருப்புஞ்சோறு வாய்க்கு வருகின்றது. கசந்தது பால் ஒன்றே, தாய் கசக்கவில்லை. சூப்பானோ தாய் அருகில் இல்லாத வேளையில் தாய்போல் நிற்கும் பொருள். அதிற் கசப்பைத் தடவி இருட்டிற் கொடுத்துவிட்டு நாம் அகன்றால், குழந்தைக்கு எஞ்சுவது யாது? மேலும், வேப்பெண்ணெய் சிறு குழந்தைகளின் வயிற்றிற் சென்று வலிப்பை உண்டாக்கியதை மருத்துவர் பலர் பதிவு செய்துள்ளனர். காம்பின் நுனியைக் கத்தரித்துக் கொடுப்பாரும் உளர். அறுந்த துண்டு தொண்டையில் அடைத்தல் கூடுமாதலின் அதுவும் தகாது. விருந்தினர் முன் “வெட்கமில்லையா?” என எள்ளி நகைத்தலை யாம் வெறுக்கின்றோம், வெட்கிய பிள்ளை ஆறுதலுக்குத் தேடுவதும் அந்தச் சூப்பானையே அன்றோ!

தமக்கை கையாண்ட முறை எளியது. சூப்பானைப் பறியாமல் அதற்கு ஓரிடம் வகுத்தார். “சூப்பான் பாயில்தான் இருக்கும், வேண்டுமானால் வந்து படுத்துக்கொள்” என்பதே விதி. சிறுவன் விளையாட்டினிடையே ஓடி வந்து படுப்பான். இரண்டு நிமிடம் சூப்புவான். முற்றத்தில் மற்றப் பிள்ளைகளின் கூச்சல் கேட்டதும் உமிழ்ந்துவிட்டு ஓடுவான். பத்து நாளிற் பகற்பொழுது சூப்பானின்றிக் கழிந்தது. பின்பு நண்பகல் உறக்கத்திற்குக் கதை ஒன்று வந்தது. இரவிற்குத் தாயின் பழம் புடவைத் துண்டு வந்தது. பிள்ளைகள் இவ்வாறு பற்றிக்கொள்ளும் பொருள்களைப் பற்றி 1951-இல் ஆராய்ந்துரைத்த ஆங்கிலேய மருத்துவர் டொனால்டு வின்னிகாட், அவை பிடுங்கப்பட்டு ஒழிவதில்லை, மெல்லப் பொருளற்றுப் போகின்றன என்றார். காய்ச்சற் காலத்திலும், வீடு மாறும் பொழுதிலும், தம்பி தங்கை பிறக்கும் தறுவாயிலும் இம்முயற்சியைத் தொடங்காதிருத்தல் நன்று.

இறுதி நாளுக்கு ஒரு சடங்கு வேண்டும். டென்மார்க்கு நாட்டுப் பிரடெரிக்ஸ்பெர்க் பூங்காவில் இதற்கெனவே ஒரு மரம் உண்டு. பிள்ளைகள் பெற்றோருடன் வந்து, தம் சூப்பானை நாடாவிற் கோத்துக் கிளையிற் கட்டி விடைபெறுவர். சிலர் கடிதமும் சேர்த்துக் கட்டுவர். நம் நாட்டில் மகப்பேறு வேண்டி மரத்திற் சிறு தொட்டில் கட்டுவாரைக் கண்டிருக்கின்றோம்; அங்கே மகவு வளர்ந்தமைக்கு மரம் சான்றாகின்றது. இதனை யாம் எடுத்துரைக்க, தமக்கை நகைத்தார். எனினும் மறுநாள் மாலை எம் வீட்டு முருங்கைக் கிளையில், சிறுவன் கையாலேயே, சூப்பான் ஏறிற்று.

அன்றிரவு இரண்டு நாழிகை அழுதான். மனம் பொறாத எம் தந்தையார் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் புறப்பட, தமக்கை வாயிற்படியில் நின்று தடுத்தார். தடுத்தது தக்கதே. அழுத பின்னர் மீண்டும் கொடுத்தல், இன்னும் நெடிது அழுதாற் கிடைக்கும் என்பதையே கற்பிக்கும். ஆயின் அழுகின்றவனைத் தனியே விடவும் இல்லை. முதுகைத் தடவியவாறு அருகே படுத்திருந்தார். இரண்டாம் இரவு அழுகை பாதியாயிற்று. மூன்றாம் இரவு, “மரத்தில் தூங்குதா?” என்று ஒரு முறை கேட்டான். எல்லாப் பிள்ளைகளும் இத்துணை விரைவில் மறப்பர் என யாம் கூறவில்லை. சிலர்க்கு வாரங்கள் ஆகும். வேப்பெண்ணெயாயின் ஒரே நாளில் முடிந்திருக்கும் என்று எம் பாட்டியார் மட்டும் இன்றும் கூறி வருகின்றார்.