செம்பனை ஓடு சொல்லும் பாடம்



தந்தையின் மூக்கு மகனுக்கும், பாட்டியின் சுருட்டை முடி பேத்திக்கும் எப்படி வருகிறது என்று கேட்டால், "இரத்த உறவு" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். உண்மையில் இரத்தத்துக்கு இதில் வேலையில்லை. உயிரணுக்களுக்குள் இருக்கும் மரபணுக்களே இதற்குக் காரணம். ஆனால் மூக்கும் முடியும் பல மரபணுக்கள் கூடிச் செய்யும் வேலை. முதல் பாடத்திலேயே அதைத் தொட்டால் குழப்பந்தான் மிஞ்சும். ஆகவே ஜொகூரில் நம் வீட்டு வாசலுக்கு எதிரே நிற்கும் செம்பனையை எடுத்துக்கொள்வோம்.

உதிர்ந்து கிடக்கும் பழம் ஒன்றை எடுத்து, பெரியவர் ஒருவரிடம் கொடுத்துக் கத்தியால் குறுக்கே வெட்டித் தரச் சொல்லுங்கள். வெளியே எண்ணெய் நிறைந்த சதை. நடுவே வெள்ளைப் பருப்பு. இரண்டுக்கும் இடையே கறுத்த ஓடு. இந்த ஓட்டைக் கொண்டுதான் செம்பனையை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். ஓடு தடித்தது டூரா. ஓடே இல்லாதது பிசிஃபெரா. மெல்லிய ஓடுடையது டெனெரா. இன்று தோட்டங்களில் நாம் குலை வெட்டுவது பெரும்பாலும் டெனெரா மரங்களில்தான். டெனெராவின் ஓட்டைச் சுற்றிச் சதைக்குள்ளே ஒரு நார் வளையம் கரும்புள்ளிகளாகத் தெரியும். டூராவில் அது இராது.

ஓடு மெலிந்தால் சதைக்கு இடம் கூடுகிறது. டூராவைவிட டெனெராவில் ஏறக்குறைய 30 விழுக்காடு எண்ணெய் கூடுதலாகக் கிடைக்கும். அப்படியானால் ஓடே இல்லாத பிசிஃபெரா இன்னும் மேலல்லவா என்று கேட்பீர்கள். அங்கேதான் ஏமாற்றம். பிசிஃபெராவில் பெண் பூங்குலை தோன்றும். ஆனால் பெரும்பாலும் பழமாகாமல் மரத்திலேயே அழுகிப்போகும்.

1848ஆம் ஆண்டில் ஜாவாவின் போகோர் தாவரத் தோட்டத்தில் நான்கே நான்கு செம்பனைக் கன்றுகள் நடப்பட்டன. அவற்றின் வழிவந்த மரங்கள் சுமத்ராவின் டெலிப் பகுதிக்குப் போய், அங்கிருந்து நம் நாட்டுக்கும் வந்தன. 1917இல் சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில்தான் இங்கே முதன்முதலாகச் செம்பனையை வாணிபப் பயிராக நட்டார்கள். அந்நாள் மரங்கள் எல்லாம் தடித்த ஓட்டு டூரா. ஆப்பிரிக்காவிலோ டெனெராவும் இருந்தது. ஆனால் அதன் விதையை நட்டால் மூன்று வகையும் கலந்து முளைத்தன. ஏன் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. காங்கோவில் ஆராய்ச்சி செய்த பெய்ர்னேர்ட், வாண்டர்வேயன் என்ற இருவர் 1941இல் புதிரை அவிழ்த்தார்கள்.

அவர்கள் கண்டது இதுதான். ஒவ்வொரு மரத்திலும் ஓட்டுக்கான மரபணு இரட்டையாக இருக்கிறது: தாய்மரம் தந்தது ஒன்று, தந்தைமரம் தந்தது ஒன்று. இரண்டும் 'ஓடு உண்டு' என்றால் டூரா. இரண்டும் 'ஓடு இல்லை' என்றால் பிசிஃபெரா. ஒன்று உண்டு, ஒன்று இல்லை என்றால் டெனெரா. ஆக, டெனெரா என்பது தனிச்சாதி அன்று. இரண்டும் கலந்த பிள்ளை. கிரிகோர் மெண்டல் என்ற துறவி பட்டாணிச் செடிகளை வளர்த்து 1866இல் வெளியிட்ட விதியே இங்கும் நடக்கிறது. (அவர் உயிரோடிருந்தவரை அதைப் பெரிதாகப் பொருட்படுத்தியவர் இல்லை.)

இரண்டு இருபது காசு நாணயங்களை எடுங்கள். ஒன்று தாய், ஒன்று தந்தை. இரண்டும் டெனெரா என்று வைத்துக்கொள்ளுங்கள். தலை 'ஓடு உண்டு', பூ 'ஓடு இல்லை'. இரண்டையும் சேர்த்து நாற்பது முறை சுண்டிக் குறித்துக்கொண்டே வாருங்கள். இரண்டும் தலையாக விழுவது பத்து முறைபோல் இருக்கும். இரண்டும் பூவாக விழுவதும் பத்துபோல். ஒன்று தலை ஒன்று பூவாக இருபதுபோல். சரியாக அதே எண் வராவிட்டால் கவலை வேண்டாம். இயற்கையிலும் அப்படிச் சரியாக வருவதில்லை.

இந்தக் கணக்குத் தெரியாமல் கெட்ட ஒரு குடும்பத்தை எங்களுக்குத் தெரியும். தோட்ட வேலையில் சேர்த்த பணத்தில் சிறிது நிலம் வாங்கினார்கள். கன்று வாங்கக் கை கடித்தது. நன்றாய்க் காய்க்கும் மரங்களின் அடியில் தானாக முளைத்த கன்றுகளைப் பெயர்த்து வந்து, ஏறக்குறைய நூறு நட்டார்கள். மூன்று ஆண்டுகள் உரம் போட்டு, புல் வெட்டிக் காத்திருந்தார்கள். பிறகு பார்த்தால் கால்வாசி மரங்களில் குலை அழுகியது. இன்னொரு கால்வாசியில் தடித்த ஓடு. உரம் போலி என்றார்கள், மண் சரியில்லை என்றார்கள், கடைசியில் கண்ணூறு என்று எலுமிச்சம்பழமும் கட்டினார்கள். மண்ணும் உரமும் குற்றமற்றவை. சுற்றிலும் நின்றவை எல்லாம் டெனெரா. மகரந்தம் சுமக்கும் வண்டு டெனெராவிலிருந்து டெனெராவுக்கே சுமந்தது. நாணயம் சுண்டியது போலத்தான் விளைந்தது. அந்த வண்டுகூடக் கேமரூனிலிருந்து கொண்டுவரப்பட்டு, 1981இல் நம் குளுவாங்கில் முதன்முதலாகத் தோட்டத்தில் விடப்பட்டதுதான்.

விதை நிலையங்களில் வண்டை நம்புவதில்லை. டூராவின் பெண் பூங்குலையைப் பை போட்டு மூடி, பிசிஃபெராவின் மகரந்தத்தை உள்ளே தூவுகிறார்கள். தாய் கொடுப்பது 'உண்டு' மட்டும், தந்தை கொடுப்பது 'இல்லை' மட்டும். ஆகவே பிள்ளைகள் எல்லாம் டெனெரா. விதைக்குக் கொடுக்கும் விலை இந்த வேலைக்குத்தான். மலேசிய செம்பனை வாரியத்தின் ஆய்வாளர்கள், வெளிநாட்டு ஆய்வாளர்களுடன் சேர்ந்து, அந்த மரபணுவையே கண்டறிந்து 2013இல் அறிவித்தார்கள். இப்போது கன்றின் இலையில் சிறு துண்டைச் சோதித்தே அது எந்த வகை என்று சொல்லிவிடலாம். மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதில்லை.

மனிதரிடத்திலும் இதே கணக்கு நடக்கும் இடங்கள் உண்டு. தலசீமியா என்ற இரத்தச்சோகை அப்படிப்பட்டது. பழுதான மரபணு ஒன்றும் நல்ல மரபணு ஒன்றும் உள்ளவர் நம்மைப்போலவே நடமாடுவார். தமக்கு அது இருப்பதே அவருக்குத் தெரியாது. அப்படிப்பட்ட இருவர் மணந்தால், பிறக்கும் பிள்ளை பழுதான இரண்டையும் பெற நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. கடுமையாகத் தாக்கப்பட்ட பிள்ளைக்கு வாழ்நாள் முழுதும் இரத்தம் ஏற்றிக்கொண்டிருக்க வேண்டும். நம் இந்தியரிடையே இது மற்றவர்களைவிடக் குறைவு. ஆனால் இல்லாமல் இல்லை.

நான்கில் ஒன்று என்றதும், "மூத்தவனுக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைகளுக்குப் பயமில்லை" என்று எண்ணுவோர் உண்டு. அது தவறு. ஒவ்வொரு பிறப்பிலும் நாணயம் புதிதாகச் சுண்டப்படுகிறது. "மருமகள் கொண்டுவந்த நோய்" என்று பழிப்பதும் தவறு. இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தால்தான் இந்த நோய் வரும். நான்காம் படிவ மாணவர்களுக்கான இரத்தச் சோதனையைச் சுகாதார அமைச்சு 2016இல் தொடங்கியது. பிள்ளை அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்தால், பெற்றோர் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டு அனுப்புங்கள். பள்ளியை விட்டவர்கள் திருமணத்துக்கு முன் அரசாங்க கிளினிக்கில் கேட்கலாம். சோதனைக்கு வேண்டியது சிறிது இரத்தந்தான்.