சிறுத்தையும் பொறியும் – 9: அடார் முதல் மயக்க ஊசி வரை

வேட்டைக்காரர் காத்திருக்கும் பரணும் அதனடியில் கட்டப்படும் ஆடும் சென்ற இரு இதழ்களில் போதுமான அளவு பேசப்பட்டுவிட்டன. இந்த வாரத்துக்கு அறிவிக்கப்பட்டிருந்தது கூண்டுக்கும் மயக்க ஊசிக்கும் இடையிலான ஒப்பீடு. அதற்குத் திருப்பூரை அடுத்த பெருமாநல்லூரைச் சுற்றிய நிலப்பகுதியே பொருத்தமான களம். 2022 ஜனவரி 24 அன்று அவிநாசியை அடுத்த பாப்பாங்குளத்தில் மக்காச்சோளக் காட்டுக்குள் இருந்த சிறுத்தை ஒன்று விவசாயிகளைத் தாக்கியது. தேடுதலுக்குத் தப்பி நகர்ந்த அது, 27 அன்று திருப்பூர் அம்மாபாளையத்தில் மயக்க ஊசி செலுத்திப் பிடிக்கப்பட்டது. அதே மாதம் கோவை பி.கே.புதூரில் கிடங்கு ஒன்றுக்குள் புகுந்த மற்றொரு சிறுத்தையோ, சில நாள் காத்திருப்புக்குப் பின், வாசலில் வைக்கப்பட்ட கூண்டுக்குள் தானே நுழைந்து அகப்பட்டது.

இவ்விரு முறைகளின் வேறுபாட்டை விளங்கிக்கொள்ள, வேட்டை முறைகள் அனைத்தையும், விலங்கை மனிதனிடம் வரவழைப்பவை என்றும் மனிதன் விலங்கைத் தேடிச் செல்பவை என்றும் இரண்டாகப் பகுக்கலாம். ஆப்பிரிக்க சஃபாரிகளில் மரக்கிளையில் இறைச்சியைத் தொங்கவிட்டு மறைவிடத்தில் காத்திருப்பது முதல் வகை. நாய்களை ஏவித் துரத்தி மரத்தில் ஏற்றிச் சுடுவது இரண்டாம் வகை.

முதல் வகையின் தமிழ்நாட்டு முன்னோடி அடார் என்னும் கற்பொறியாகும். கனத்த கற்பலகையின் ஒரு முனையைத் தூக்கி, கீழே ஒரு கோலை முட்டுக்கொடுத்து, இரையைத் தொட்டவுடன் கோல் சரிந்து கல் விழுமாறு அமைப்பது அதன் பொதுவான இயக்கம். ஆள் காவலும் தேவையில்லை, ஆயுதமும் தேவையில்லை. புறநானூற்றின் 19ஆம் பாடலிலும் நற்றிணையின் 119ஆம் பாடலிலும் இது இடம்பெறுகிறது. பின்னதில், தினைப்புனத்தை மேயும் பன்றிக்காக வைத்த அடாரில் புலி மாட்டிக்கொள்கிறது. யாருக்கு வைத்தது, யார் விழுந்தது என்ற இந்தக் குழப்பம் பொறி வேட்டையின் தீராத குறை என்பதை அப்பாடலை இயற்றிய பெருங்குன்றூர்கிழார் பிற்காலத்துப் பல வேட்டை நூலாசிரியர்களைவிடத் தெளிவாகக் கண்டிருக்கிறார். பன்றிக்கு வைக்கும் கம்பிச் சுருக்கில் இன்றும் சிறுத்தைகள் சிக்குவதை நோக்கினால், பொறியின் பொருள்தான் மாறியுள்ளது, குறை மாறவில்லை. இரும்புக் கூண்டிலும் இக்குறை உண்டு. ஆனால் தவறி நுழைந்த தெருநாயைக் கதவைத் தூக்கி வெளியே விட்டுவிடலாம், கல்லுக்கு அடியில் அகப்பட்டதை விட முடியாது.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பிடித்தல், பொறிவைத்தல், இரைவைத்து ஈர்த்தல் ஆகிய அனைத்தையும் வேட்டை என்னும் வரையறைக்குள்ளேயே அடக்குவதால், கூண்டு வைப்பதற்கும் தலைமை வனவிலங்குக் காப்பாளரின் அனுமதி வேண்டும்.

மயக்க ஊசி இரண்டாம் வகையைச் சேர்ந்தது. கீட்டமின், சைலசின் ஆகிய மருந்துகளை, தூரத்திலிருந்து கணித்த உடல் எடைக்கேற்பக் கலந்து, தோள் அல்லது தொடைச் சதையில் பாய்ச்ச வேண்டும். மருந்து பிடிப்பதற்குச் சில நிமிடங்கள் ஆகும். மிரண்ட விலங்கிடம் அது மேலும் தாமதமாகும். ஆளுயரத் தட்டு அடர்ந்து நிற்கும் சோளக்காட்டில் அந்த நிமிடங்களே ஆபத்தானவை. மயங்கிய சிறுத்தையின் கண்கள் திறந்தபடியே இருப்பதால், அவற்றுக்கு மருந்திட்டுத் துணியால் கட்டுகின்றனர்.

கூண்டுக்கு வேண்டியது பொறுமை. ஊரோ விரைவைக் கேட்கிறது. கூண்டு, மயக்க ஊசி ஆகிய இரண்டின் செலவையும் காயங்களையும் எடைபோடும் பகுதிக்கு அடார் இடம் விடவில்லை. 1926 மே மாதம் ருத்ரப்பிரயாகை ஆட்கொல்லிச் சிறுத்தையைச் சுடுவதற்கு முன் வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் நஞ்சையும் இரும்புப் பொறியையும் பயன்படுத்தித் தோற்ற வரலாற்றோடு அது அடுத்த இதழில் வரும்.