கப்பலின் நேரம் தெரிந்தவருக்கே வியாபாரம்

துறைமுகத்துக்குப் பயணிகள் கப்பலொன்று வந்தால் ஊரே திரண்டு கப்பலைப் பார்க்கிறது. வர்த்தகன் பார்க்க வேண்டியது அதிலிருந்து இறங்குபவர்களை. அவர்களில் இரு சாரார் உண்டு. ஒரு சாரார் கப்பல் கம்பனி ஒழுங்கு செய்த பஸ்ஸில் ஏறிப் போய்விடுவர். அவர்களது பணம் கப்பலிலேயே கட்டப்பட்டுவிட்டது. நமது கடைத்தெருவுக்கு வந்து சேருவது சொற்பம். மறு சாரார் தாமாகவே சுற்றிப் பார்க்கப் புறப்படுபவர்கள். நமது வாடிக்கையாளர்கள் இவர்கள்தான்.

இவர்களில் பலர் தேடுவது 'ஸ்நோர்க்கலிங்' செய்ய ஓர் இடம். முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் அணிந்து, நீரில் மிதந்தபடியே முருகைக்கற்களையும் மீன்களையும் பார்ப்பதுதான் அது. திருகோணமலையைப் பொறுத்தவரை அதற்குப் பேர்போன இடம் நகரிலிருந்து ஏறக்குறைய 15 கிலோமீற்றர் வடக்கே, நிலாவெளிக் கரைக்கு அப்பால் உள்ள புறாத்தீவு. 2003இல் தேசியப் பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்ட இத்தீவு, கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது. செட்டை நுனி கறுத்த சிறு சுறாக்களும் கடலாமைகளும் அங்கே ஆழமில்லாத நீரிலேயே தென்படும்.

இடம் நல்லதுதான். அப்படியிருந்தும் தனியாகப் போக நினைக்கும் பயணி தயங்குகிறான். காரணம் ஒன்றே: நேரம். கப்பல் கம்பனியின் சுற்றுலாவில் போன பஸ் தாமதித்தால் கப்பல் பெரும்பாலும் காத்திருக்கும். தனியாகப் போனவனுக்காகக் காத்திருக்காது. அவன் அடுத்த துறைமுகம் வரை சொந்தச் செலவில் போய்த்தான் ஏற வேண்டும். கூடுதல் பணம் கொடுத்தாவது பலர் கப்பல் பஸ்ஸில் ஏறுவது இந்தப் பயத்தால்தான்.

என்னிடம் வந்த ஒரு வெளிநாட்டுத் தம்பதியர் விலையை இரண்டாவதாகத்தான் கேட்டார்கள். முதலில் கேட்டது, "நாலு மணிக்குத் துறைமுக வாசலில் இறக்கி விடுவீர்களா?" என்பதைத்தான். நாம் விற்பது கடலை அல்ல, திரும்பி வரும் நிச்சயத்தை என்பது எனக்கு விளங்கியது அன்றுதான்.

ஆகவே கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். கப்பல் மாலை 5 மணிக்குப் புறப்படுவதாயின் பயணி 4 மணிக்கே வாசலில் நிற்க வேண்டும். அப்படியானால் 2 மணிக்கு நிலாவெளியிலிருந்து வண்டி கிளம்ப வேண்டும். 1 மணிக்கு அவர் நீரை விட்டு ஏறியிருக்க வேண்டும். எனவே காலையிலேயே அழைத்துச் செல்லுங்கள். காற்றும் அப்போது குறைவாக இருக்கும். வெள்ளிக்கிழமை கப்பல் வந்தால் ஜும்ஆ நேரத்தில் வண்டியை யார் ஓட்டுவது என்பதை முதல் நாளே பேசி முடியுங்கள்.

அடுத்தது விலை. வன ஜீவராசிகள் திணைக்களத்தின் டிக்கெட், குழுவுக்கான சேவைக் கட்டணம், வரி, படகுக் கூலி, கண்ணாடி வாடகை, முச்சக்கர வண்டி என்று இடத்துக்கு இடம் கேட்டால் எவருக்கும் எரிச்சல் வரும். எல்லாவற்றையும் ஒரே துண்டில் எழுதி, மொத்தத் தொகையை முன்கூட்டியே கையில் கொடுங்கள். படகுக்கும் குழுவுக்குமான கட்டணம் ஆட்கள் கூடக் கூடத் தலைக்குக் குறையும். நான்கு பேரை ஒன்று சேர்த்து விடுபவருக்கு அதிலேயே நியாயமான இலாபம் இருக்கிறது.

மூன்றாவது, கடலைப் பற்றி உண்மை சொல்வது. மே முதல் செப்டெம்பர் வரை கிழக்குக் கடல் பொதுவாக அமைதியாக இருக்கும். 2023 ஜூனில் சென்னையிலிருந்து கோர்டேலியா கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று வந்தது இந்தப் பருவத்தில்தான். ஆனால் ஐரோப்பியரை ஏற்றி வரும் பெருங்கப்பல்கள் அதிகம் வருவது நவம்பருக்கும் ஏப்ரலுக்கும் இடையில். அந்தப் பருவத்தின் முற்பகுதியில் வடகீழ்ப் பருவக்காற்றால் இங்கே கடல் கொந்தளித்து நீரும் கலங்கிவிடும். அன்றைக்கு, "இன்று கடலுக்குள் எதுவும் தெரியாது" என்று சொல்லிவிட்டு, கன்னியா வெந்நீர்க் கிணறுகளையும் பிரட்றிக் கோட்டையையும் காட்டுங்கள். அதே கப்பல் காலிக்குப் போவதாயின், அக்காலத்தில் கடல் தெளிந்திருப்பது ரூமஸ்ஸலவிலும் ஹிக்கடுவையிலும் என்று சொல்லி, அங்குள்ள நம்பிக்கையான ஒருவரின் தொலைபேசி இலக்கத்தைக் கொடுங்கள். நாளை அவர் தன்னிடம் வருபவரை உங்களிடம் அனுப்புவார்.

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. முருகைக்கல் உயிருள்ளது. 1998இல் கடல்நீர் சூடேறியபோது ஹிக்கடுவையின் முருகைக்கற்கள் வெளிறிப் பெருமளவில் அழிந்தன. சூட்டை நம்மால் தடுக்க முடியாது. காலால் மிதிப்பதைத் தடுக்கலாம். அதன் மேல் நிற்க வேண்டாம், துண்டு உடைத்து எடுக்க வேண்டாம், ஆமையைத் தொட வேண்டாம் என்பதைப் படகில் ஏறும் முன்னரே சொல்லிவிடுங்கள். நீந்தத் தெரியாதவருக்கு உயிர்காப்பு அங்கி இல்லாமல் இறங்க இடம் கொடுக்காதீர்கள், அவர் எவ்வளவு பணம் தந்தாலும் சரியே.

அந்நிய ஊரில் ஒரு நாள் மட்டும் நிற்பவர் நம் கையில் தருவது தன் பணத்தை மட்டுமல்ல, தன் உயிரையும் நேரத்தையும்தான். அது அமானிதம். ஒரு முறைதான் வருவார், எவ்வளவும் கறக்கலாம் என்று நினைப்பவர் அந்த ஒரு முறையோடு முடிந்துபோவார். சொன்ன நேரத்துக்குச் சொன்ன விலையில் கொண்டுவந்து விட்டவரின் பெயர் கப்பலுக்குள் வாய்க்கு வாய் பரவும். அடுத்த கப்பலில் வருபவர்கள் அவரைத் தேடியே இறங்குவார்கள், இன்ஷா அல்லாஹ்.