ஓசோன் ஊட்டிய எண்ணெயும் தோல்நோய்க் கிருமிகளும்

வெப்பமும் ஈரமும் மிக்க நாடுகளில் கால்விரல் இடுக்குகளில் தோன்றும் சேற்றுப்புண் பலர்க்கும் பழக்கமான தொல்லை. அதற்கென விற்கப்பெறும் பூச்சுகளுள் ஓசோன் ஊட்டிய எண்ணெயும் ஒன்று. நல்லெண்ணெய், ஒலிவ எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் ஆகியவற்றுள் ஒன்றில் ஓசோன் வாயுவைக் குமிழி குமிழியாகச் செலுத்தி இதனை ஆக்குகின்றனர். புட்டியின்மேல் எழுதியுள்ள பெயரைக் கண்டு, உள்ளே அவ்வாயு கரைந்து கிடப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று.

நாம் மூச்சில் வாங்கும் பிராணவாயுவின் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் அணுக்கள் இரண்டு, ஓசோனிலோ மூன்று. அந்த மூன்றாம் அணு நிலைகொள்ளாதது. எதிர்ப்பட்ட பொருளோடு கூடிவிடத் துடிப்பது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரப் பேராசிரியர் ஷோன்பைன், நீரில் மின்சாரம் பாய்ச்சும்போது எழுந்த ஒருவகை வாடையை ஆராய்ந்து, 1840-இல் இதனை அறிவித்தார். வாடை வீசுதல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லே பெயராயிற்று. முதல் உலகப் போரின்போது ஜார்ஜ் ஸ்டோக்கர் என்னும் இராணுவ மருத்துவர், வீரர்களின் புண்களில் இவ்வாயுவைச் செலுத்திக் கண்ட பயனை 1916-இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார். ஆயினும் வாயு விரைவில் சிதைந்துவிடும். மூச்சில் கலந்தால் நுரையீரலைத் தாக்கும். எண்ணெயின் உதவி இங்கேதான் தெரிகிறது.

எண்ணெயில் நிகழ்வது யாது? இதனை விளக்க மலேசிய வாசகர் நன்கறிந்த ரப்பரே போதும். இழுத்துக் கட்டிய ரப்பர் வளையம் வெளிக்காற்றில் நாளடைவில் வெடித்துப் போகிறது. காற்றிலுள்ள சிறிதளவு ஓசோனே அதற்குப் பெருங்காரணம். ரப்பரின் நீண்ட சங்கிலியில் கரியணுக்கள் இரட்டைப் பிணைப்பால் ஒன்றையொன்று பற்றிய இடங்கள் உண்டு. ஓசோன் அவ்விடங்களையே வெட்டுகிறது. ஜெர்மானியப் பேராசிரியர் கார்ல் ஹாரிஸ் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்முறையைக் கையாண்டே ரப்பரின் அமைப்பை ஆராய்ந்தார். எண்ணெயிலும் இதே பிணைப்புகள் உள. வெட்டுண்ட துண்டுகள் அங்கே மீண்டும் கூடி, கரியணு இரண்டும் பிராணவாயு அணு மூன்றும் கொண்ட வளையங்களாகின்றன. இவற்றின் பெயர் ஓசோனைடு. புட்டியில் இருப்பது இந்த ஓசோனைடும் அதனோடு தோன்றும் பெராக்சைடுகளுமே. ஈரமுள்ள புண்ணில் பட்டதும் இவை மெல்லச் சிதைந்து, ஹைட்ரஜன் பெராக்சைடு முதலியவற்றை வெளிவிடுகின்றன. கிருமியின் மேலுறையை அவை அரிக்கின்றன. நல்லெண்ணெயில் இரட்டைப் பிணைப்புடைய கொழுப்பு நூற்றில் 80 பங்குக்கு மேல். நம் வீட்டுத் தேங்காயெண்ணெயிலோ 10 பங்கு அளவே. ஆதலின் தேங்காயெண்ணெய் இவ்வேலைக்கு அத்துணை உதவாது.

அடுத்துக் கவனிக்க வேண்டுவது வலிமை. எண்ணெயோடு பொட்டாசியம் அயோடைடைச் சேர்த்து, வெளிப்படும் அயோடினை அளந்து ‘பெராக்சைடு எண்’ காண்பர். (ஷோன்பைனும் அயோடைடும் மாவுப்பசையும் தோய்த்த தாள் நீலமாவதைக் கொண்டே காற்றில் ஓசோன் இருப்பதைச் சோதித்தார்.) சமையலுக்குரிய சுத்திகரித்த எண்ணெயில் இவ்வெண் 10-ஐத் தாண்டலாகாது என்பது விதி, ஓசோன் ஊட்டியதில் ஆயிரக்கணக்கிலும் ஏறும். வலிமை மிகுந்தால் நலமும் மிகும் என்று எண்ணத் தோன்றும். 2011-இல் வெளியான ஆய்வொன்று அதனை மறுத்தது. இத்தாலிய அறிஞர் வலாக்கியும் உடனுழைத்தோரும் ஓசோன் ஊட்டிய நல்லெண்ணெயை எலிகளின் புண்களில் பூசிப் பார்த்தனர். எண் 1,000-க்குக் குறைந்த எண்ணெயும் 3,000-ஐக் கடந்த எண்ணெயும் பின்தங்கின. 1,500 அளவினதே புண்ணை விரைந்து மூடியது. கிருமியை அரிக்கும் பொருள் புதிதாக வளரும் தோலையும் அரிக்கக்கூடியதன்றோ!

கண்ணாடிக் குழாயில் கிருமி மடிவது ஒன்று. மனிதன் காலில் நோய் தீர்வது வேறு. இரண்டாவதற்குச் சான்றுகள் குறைவு. கியூபா நாட்டில் சேற்றுப்புண் கண்ட 200 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு ஓசோன் ஊட்டிய சூரியகாந்தி எண்ணெயும், மற்றவர்க்குக் கீட்டோகொனசோல் களிம்பும் நாளுக்கு இருமுறையாக 6 வாரம் பூசினர். 2002-இல் வெளியான முடிவின்படி முழுக்குணம் அடைந்தோர் முறையே நூற்றுக்கு 75, 81 பேர். எண்ணெய் வென்றது என்று விளம்பரம் செய்வோர் இக்கணக்கைப் படிக்கவில்லை போலும். ஏறத்தாழ நிகர் என்று கூறலாம், அதற்குமேல் கூறுவதற்கில்லை. ஆய்வு நடந்தது அம்மருந்தை ஆக்கிய நாட்டிலேயே என்பதும் கருதத்தக்கது.

சிறு கருவி ஒன்றை வாங்கி வீட்டிலேயே இவ்வெண்ணெயை ஆக்க முனைவோரும் உளர். கசியும் வாயு மூச்சுக்குக் கேடு. எண்ணெயின் வலிமையோ அளக்கப்படாதது. முறையாக ஆக்கிய எண்ணெயும் வெப்பத்தில் வலிமை குன்றுமாதலால் குளிர்பெட்டியில் வைத்தல் வேண்டும். நீரிழிவால் காலில் உணர்ச்சி மங்கியவர் எந்தப் பூச்சையும் தாமாகத் தடவிக்கொண்டு நாட்கடத்துவது பேராபத்து. மேலே சிறிதாகத் தோன்றும் புண் உள்ளே எலும்புவரை இறங்கியிருக்கக்கூடும். அங்குள்ள சீழை எண்ணெய் எட்டாது. அதற்கு நோய்க்கொல்லி மருந்தும் அறுவை மருத்துவரின் கத்தியும் வேண்டும்.