சாவியைக் கொடுத்த பிறகு வரும் பாக்கி

"கடைசி ரெண்டு மாசத்தை அட்வான்ஸ்ல கழிச்சுக்கங்க சார்." சென்னையில் வீடு காலி செய்யும்போது பலரும் சொல்வது இதுதான். ஹவுஸ் ஓனரும் தலையாட்டுவார். பெயின்டிங், ஈபி பில், ஒழுகும் குழாய் என்று பிடித்தது போக மீதி கைக்கு வரும். எட்டு மாதம் கழித்து வாட்ஸ்அப்பில் கேட்பார்: "ரெண்டு மாச வாடகை நிக்குது. எப்போ தர்றீங்க?"

பழைய ஓனர் ஆயிற்றே என்ற மரியாதையில், "கொஞ்சம் டைம் கொடுங்க சார்" என்று பதில் போடுகிறோம். என் கவலை அந்த ஒரு வரியைப் பற்றித்தான். 1963-ம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, வாடகை பாக்கிக்கு அது கொடுபட வேண்டிய நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும். அந்தக் கெடுவுக்குள் கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அன்றிலிருந்து மறுபடி 3 ஆண்டு. வாட்ஸ்அப் பதிலும் ஒப்புதல்தான் என்று வாதாட ஆள் இருப்பார்கள். காலக்கெடு கிடக்கட்டும், இல்லாத பாக்கியை இருக்கிறது என்று நாமே சொன்ன மாதிரி ஆகிவிடுகிறதே!

எந்த மாதம், எவ்வளவு, அட்வான்ஸில் எதற்கு எவ்வளவு பிடித்தீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பணம் பற்றி வாக்குக் கொடுக்காதீர்கள். பிறகு பேங்க் ஸ்டேட்மென்ட்டை எடுத்து உட்காருங்கள். ஜிபேயில் மாதம் குறிக்காமல் அனுப்பியவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். வாடகை, மெயின்டனன்ஸ், தண்ணீர்க் காசு எல்லாம் ஒரே தொகையாகப் போயிருக்கும். "அது மெயின்டனன்ஸுக்கு வந்தது" என்பார் அவர்.

சொல்லாமல் காலி செய்து, நம்பரையும் மாற்றிக்கொள்ளும் வாடகைதாரர்களும் உண்டு. ஓனர்களின் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம், பதிவு என்கிறது. புரோக்கர் நீட்டும் 11 மாத அக்ரிமென்ட்டோடு நிறுத்திக்கொள்பவர்கள்தான் இன்னும் அதிகம். காலி செய்யும் நாளிலாவது ஒரு வெள்ளைத்தாள் எடுங்கள்: எந்த மாதம் வரை வாடகை நேராயிற்று, மீட்டர் ரீடிங், அட்வான்ஸில் பிடித்தது, திருப்பியது, சாவி பெற்ற தேதி, கீழே ஓனர் கையெழுத்து. அவர் வெளிநாட்டில் இருந்து, சாவி வாட்ச்மேன் கைக்குப் போகிறதா? அதே கணக்கை அன்றைக்கே அவருக்கு அனுப்பிவிடுங்கள். வக்கீல் நோட்டீஸே வந்துவிட்டால் சும்மா இருக்காதீர்கள். இந்தக் கணக்கோடு ஒரு வக்கீலைப் பார்த்துப் பதில் நோட்டீஸ் அனுப்புங்கள்.